அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாளும் நாளமில்லாச் சுரப்பிகளும்

பதினொன்றாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை அட்டவணை போட்டுத்தான் மனப்பாடம் செய்தேன். சுரப்பி, ஹார்மோன், வேலை, குறைந்தால் என்ன நோய், கூடினால் என்ன நோய். வகுப்புத் தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. நீட் மாதிரித் தேர்வில் அப்படியே கவிழ்த்துவிட்டது.

தைராய்டு சரியாகச் சுரக்காதவருக்கு டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். குறைவாக இருக்கும் என்று குறித்துவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவுக்குத் தைராய்டு குறைவு; தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுவார். அவருடைய பழைய பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். டி4, அதாவது தைராய்டு சுரக்கும் தைராக்ஸின், குறைந்திருந்தது. டிஎஸ்ஹெச்சோ 11.2, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

அப்போதுதான் புரிந்தது. டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து தைராய்டைத் தூண்டுவது அது. ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரி விடாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்த எண் ஏறுகிறது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் கழித்து எடுத்த தாளில் டிஎஸ்ஹெச் தானாக இறங்கியிருந்தது. சரி, பழுது பிட்யூட்டரியிலேயே இருந்தால்? டி4 குறைந்தும் டிஎஸ்ஹெச் ஏறாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் எதிர்மறைப் பின்னூட்டம் (ஹார்மோன் குறைந்தால் தூண்டல் ஏறுவதும், கூடினால் இறங்குவதும்) உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

அதன்பிறகு அட்டவணையை விட்டுவிட்டு அம்புக்குறி போட்டே படித்தேன். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பாராதார்மோன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்; கூடினால் கால்சிடோனின் இறக்கும். சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரையை இறக்க இன்சுலின், பட்டினியில் அதை ஏற்ற குளுக்ககான். இவற்றுக்கெல்லாம் அதிக நேரம் வேண்டாம்.

நேரம் கொடுக்க வேண்டிய இடம் பின் பிட்யூட்டரி. ஆக்சிடோசினும் ஏடிஹெச்சும் (சிறுநீரில் நீர் அதிகம் போகாமல் காக்கும் ஹார்மோன்) அங்கே சேமிக்கப்பட்டு வெளிவருகின்றன, அவ்வளவுதான். அவை உருவாவது அதற்கு மேலே மூளையில் இருக்கும் ஹைபோதலாமஸில். "உற்பத்தி" என்று கேட்கிறார்களா, "வெளியீடு" என்று கேட்கிறார்களா என்பதை இரண்டு முறை படியுங்கள். ஏடிஹெச் குறைந்தால் டயாபடீஸ் இன்சிபிடஸ் வரும். பெயரில் டயாபடீஸ் இருப்பதால் சர்க்கரையோடு சேர்த்துவிடாதீர்கள். சிறுநீர் ஏராளமாகப் போகும், தாகம் எடுக்கும், ஆனால் அந்தச் சிறுநீரில் சர்க்கரை இருக்காது. என் நண்பர்கள் பலர் மதிப்பெண் விட்டது இங்கேதான்.

தேர்வுக்கு முந்தின நாள் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் ஹைபோதலாமஸிலிருந்து தொடங்கி அம்புகளை வரைந்து பாருங்கள். எந்த அம்பில் பேனா தயங்குகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து படியுங்கள்.