சோளக்கொல்லை பொம்மை

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று ஒரு பழைய படம் போட்டேன், ‘டார்க் நைட் ஆஃப் தி ஸ்கேர்குரோ’. 1981-ல் அமெரிக்காவில் சிபிஎஸ் டிவிக்காக எடுத்தது. அப்புறம் சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது.

அமெரிக்காவின் தெற்கில் ஒரு சின்ன ஊர். பப்பா என்று ஒருவன், ஆள்தான் பெரியவன், மனசு குழந்தை. நாய் குதறிய சிறுமியை அவன்தான் காப்பாற்றித் தூக்கி வருகிறான், ஊரோ அவனே அவளைக் கொன்றுவிட்டான் என்று நம்புகிறது. சோளக்கொல்லை பொம்மை வேஷத்தில் ஒளிந்திருப்பவனை நாலு பேர் சுட்டுத் தள்ளிய பிறகுதான் ரேடியோவில் செய்தி வருகிறது, பெண் பிழைத்துவிட்டாள் என்று.

இந்த நாலு பேருக்கும் தலைவன் யார் தெரியுமா? ஊர்த் தபால்காரன்! நடிகர் சார்லஸ் டர்னிங் அந்தத் தபால்காரன் வேஷத்தில் சிரிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. வழக்கில் நாலு பேரும் தப்பிவிடுகிறார்கள். சரி, பிறகு அவர்களில் ஒருவனுடைய வயலில் அதே பொம்மை நிற்கிறது. யாரும் நட்டு வைக்கவில்லை.

ரத்தம் அதிகம் காட்டவே இல்லை. காற்று, காலியான வயல், தானாக ஓடத் தொடங்கும் இயந்திரம், அவ்வளவுதான். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்கிற மாதிரி முழித்துக்கொண்டு திரிபவன் ஒருவன் கடைசியில் தானியக் குதிருக்குள்ளேயே சாகிறான், பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் கமெண்டில் உளறிவிடாதீர்கள்.