அரிவரி ரீச்சரும் எங்கள் முன்பள்ளி நிதியும்

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்களைப் புரட்டினால் அதிபர்களும் கிரிக்கெட் கப்டன்களும் உயர்தரத்தில் கணிதம் படிப்பித்த சேர்மாரும் பக்கம் பக்கமாக வருவார்கள். பாலர் வகுப்பு ரீச்சர்களைப் பற்றி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. நான் இப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன், அதனால் பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அரிவரி ரீச்சர்தான். அவரின் பெயரை எழுத மாட்டேன். குடும்பம் ஊரில் இருக்கிறது, கேட்காமல் எழுதுவது சரியில்லை. என் வயதுக்காரருக்கு யாரென்று தெரியும்.

நான் அவரிடம் படித்தது 1995 இல். அந்த வருடம் ஒக்டோபர் 30 இரவு, சண்டையால், யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் வந்ததை நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடக் கட்டடங்களில் சனம் குடியிருந்தது, எங்கள் வகுப்பு மாமரத்துக்குக் கீழே போனது, சாக்கு விரித்து இருந்தோம். புதிதாக வந்த பிள்ளைகளில் ஒருத்திக்குத் தகப்பன் எங்கே என்று தெரியாது. பெரிய ஆட்கள் எல்லாரும் அவளைப் பார்த்து "நாளைக்கு வந்திடுவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாவம் பார்த்துத்தான் சொன்னார்கள். ரீச்சர் அப்படிச் சொல்லவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் குந்தியிருந்து, முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாது பிள்ளை, தெரிஞ்ச உடனை உனக்குத்தான் முதல் சொல்லுவன்" என்பார். வேலியோரம் நின்று யாராவது அவளிடம் துருவத் தொடங்கினால் எழும்பிப் போய் நடுவில் நின்றுவிடுவார். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லிச் சமாளிப்பது எவ்வளவு லேசு என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பிள்ளை நம்பிவிடும். அதனால்தான் சொல்லக்கூடாது.

இன்னும் சில இருக்கிறது. அவரின் சொந்த மகளும் எங்கள் வகுப்பில்தான், வகுப்பில் அவளும் "ரீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும், பந்து எடுத்துக் கொடுக்கும் முறை வந்தால் அவளுக்குக் கடைசி. தாய்மார் யாராவது வாழைப்பழச் சீப்போ மாம்பழமோ கொண்டு வந்து கொடுத்தால் இடைவேளைக்கு அது எல்லாருக்கும் பங்கிடப்படும், கொண்டுவந்த வீட்டுப் பிள்ளைக்கும் அதே பங்கு. காற்சட்டையை நனைத்த பிள்ளை இருந்தால் மற்ற எல்லாரையும் கிணற்றடிப் பக்கம் பாட்டுப் பாட அனுப்பிவிடுவார், திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை மாற்றுடுப்போடு இருக்கும், யாருக்கும் ஒன்றும் விளங்காது. இடக்கையால் எழுதின ஒரு பெடியன் இருந்தான். அவனை வரிசையின் இடது கரையில் இருத்தினார், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்காமல் எழுதட்டும் என்று.

அந்தப் பெடியனுக்கு அடுத்த வருடம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த வகுப்பில் அடிமட்டத்தால் விரல் மொளியில் அடி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுதச் சொன்னதும் நடந்தது. படிப்பித்தவர் கெட்ட மனுசர் இல்லை, அந்தக் காலத்தில் அதுதான் திருத்தம் என்று நினைத்தார்கள், பெற்றோரும் "கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ" என்று சொல்லித்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் எனக்கு இன்றைக்கும் ஆறாத விடயம் இது: ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெடியன், ஒரு வருடம் மரியாதையாக நடத்தப்பட்டான், அடுத்த வருடம் கையைக் கட்டி இருத்தினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விதியும் இருக்கவில்லை. எந்த ரீச்சர் கிடைக்கிறாரோ அதுதான் பிள்ளையின் தலையெழுத்து.

இங்கே இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஒழுக்கக் கோவை என்று ஒன்றைக் கையில் தந்தார்கள். இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும் இருப்பதுபோல எங்களுக்கும் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருக்கிறது. கோவையை 2011 இல் கொண்டுவந்து 2017 இல் திருத்தினார்கள். பிள்ளைகள், குடும்பங்கள், சக ஆசிரியர்களும் தொழிலும், பிறகு சமூகம் என்று நாலு பக்கத்துப் பொறுப்பு அதில் எழுதியிருக்கிறது, மீறினால் யாரும் முறைப்பாடு செய்யலாம், விசாரித்துத் தொழில் பதிவையே எடுத்துவிடலாம். வாசிக்க வாசிக்க எனக்கு மாமரத்தடிதான் வந்தது. குடும்ப விடயத்தை வெளியில் கதைக்காதே, உறவும் தொழிலும் கலக்கும் இடத்தில் கவனமாக இரு, எல்லாம் ரீச்சர் செய்தவைதான். அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பராமரிப்பு நிலையங்களுக்கான ஒழுங்குவிதி இன்னும் நேரடியாகப் பேசும். அடிக்கக்கூடாது, அவமானப்படுத்தவோ வெருட்டவோ கூடாது, தண்டனையாகச் சாப்பாட்டையோ நித்திரையையோ மறுக்கக்கூடாது, பிள்ளைக்கு விருப்பமில்லாமல் சாப்பிடவோ குடிக்கவோ வைக்கக்கூடாது. இந்தக் கடைசி விடயத்தில்தான் எங்கள் அம்மம்மாமாரோடு எனக்கு ஓயாத கதை. "ஒரு வாய் தீத்தி விடுங்கோ பிள்ளை, வெறும் வயித்தோடை இருக்குது" என்று கெஞ்சுவார்கள். நான் சாப்பாட்டை முன்னால் வைப்பேன், பக்கத்தில் இருப்பேன், கதைப்பேன், வாயைத் திறக்கச் சொல்லி அமத்த மாட்டேன். தன் உடம்புக்குள் என்ன போக வேண்டும் என்பதில் "வேண்டாம்" சொல்லிப் பழகாத பிள்ளை வேறு எங்கே அதைச் சொல்லப் போகிறது?

ஆகப் பாரமானது அறிவிக்கும் கடமை. ஒரு பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தாலே சிறுவர் பாதுகாப்புச் சபைக்கு நான் சொல்ல வேண்டும், நானே சொல்ல வேண்டும், மேலாளரிடம் சொல்லிவிட்டேன் என்று விலக முடியாது. அதே ஊர், அதே கோயில், "நீ எங்கட பிள்ளைதானே, ஏன் வெள்ளையளிட்டைப் போகவேணும்" என்று கேட்கும் சனம். தொலைபேசியை எடுக்கும்போது கை நடுங்கும். ஆனால் அந்த நேரத்தில் என் முன்னால் இருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை. எங்கள் ரீச்சருக்கு அப்படி அழைக்க ஓர் இடம்கூட இருக்கவில்லை. இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டமே 1998 இல்தான் வந்தது. இன்றைக்கு அழைத்துச் சொல்ல 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனுக்குக் காது கேட்காமல் போய், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

சரி, இதையெல்லாம் ஏன் சங்க மலரில் எழுதுகிறேன் என்றால், நாங்கள் ஊரில் ஒரு முன்பள்ளிக்கு மாதா மாதம் காசு அனுப்புகிறோம். கூரை போட்டோம், கதிரை வாங்கினோம், எல்லாம் கணக்கறிக்கையில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு தடவையாவது எழுதிக் கேட்டோமா? அந்த ரீச்சர்மாருக்கு வரும் கொடுப்பனவு சொற்பம், பயிற்சிக்குப் போகப் பஸ் காசே யோசிக்கும் நிலை, அவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. முதலில் திருந்த வேண்டியது எங்கள் பக்கம். பொதி கொடுக்கும் நாளில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முகம் தெரிய, சில நேரம் "தகப்பனை இழந்தவர்" என்று கீழே எழுதி, முகநூலில் போடுகிறோம். என் வகுப்புப் பிள்ளையின் படத்தை நான் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இங்கே இப்படிப் போட்டால் என் பதிவுக்கே ஆபத்து. ஊர்ப் பிள்ளைக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? மாமரத்தடியில் இருந்த அந்தப் பிள்ளையை வைத்து யாராவது இப்படிப் படம் எடுக்க வந்திருந்தால் ரீச்சர் விட்டிருக்க மாட்டார்.

செயலாளருக்கு மூன்று விடயம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைச் சங்கப் பக்கத்தில் இருந்து எடுக்க வேண்டும். அடிக்காமல், அவமானப்படுத்தாமல் நடத்துவோம் என்ற ஒரு பக்க உடன்பாட்டைத் தமிழில் ரீச்சர்மாரோடு சேர்ந்திருந்து எழுத வேண்டும், நாங்கள் இங்கே இருந்து எழுதி அனுப்புவதில் பயனில்லை. அவர்களின் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் அடுத்த வருட நிதியில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் இது வரும்போது தயவுசெய்து சாப்பாட்டு மேசைப் பக்கம் போகாமல் இருந்து கை உயர்த்துங்கள். உடன்பாட்டை எழுதும் வேலையில் என்னோடு சேர விருப்பமுள்ளவர்கள், முக்கியமாக ஊரில் பாலர் வகுப்பு எடுத்துவிட்டு இங்கே வந்து வேறு வேலை செய்யும் அக்காமார், செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.