யோர்தானில் இறங்குமுன்

எரிகோவிலிருந்து கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டர் போனால் யோர்தானின் மேற்குக் கரை. அந்த இடத்துக்கு கஸர் எல்-யஹூத் என்று பெயர். இயேசு ஞானஸ்நானம் பெற்ற நதியில் தாங்களும் முழுக்குப் பெற வருகிறவர்கள் இறங்கும் கரை இது. எதிரே கிழக்குக் கரையில், யோர்தான் நாட்டில், இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாகக் கருதப்படும் அல்-மக்தஸ். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அதைத்தான். யோவான் ‘யோர்தானுக்கு அக்கரையில்’ ஞானஸ்நானம் கொடுத்துவந்தார் என்று யோவான் 1:28 சொல்கிறது. இரு கரைக்கும் நடுவே சில மீட்டர் தண்ணீர்தான், ஆனால் அதுவே யோர்தான் நாட்டின் எல்லை. எல்லைக் குறியைத் தாண்டக்கூடாது. 1967 போருக்குப் பிறகு மேற்குக் கரையில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. அங்குள்ள தேவாலய வளாகங்களில் அவற்றை அகற்றும் பணி 2018இல்தான் தொடங்கியது. ஆகவே போட்டிருக்கும் பாதையை விட்டு ஓரமாகக்கூட ஒதுங்க வேண்டாம்.

வயதானவர்களோடு வரும் சபையார் கலிலேயாக் கடலிலிருந்து நதி புறப்படும் யார்தெனித்துக்குப் போகலாம். அங்கே தண்ணீர் தெளிவாக இருக்கும், வசதியும் அதிகம். ஆனால் யோசுவாவோடு ஜனங்கள் நதியைக் கடந்ததும், எலியா எடுத்துக்கொள்ளப்பட்டதும் எரிகோ பக்கத்தில். மனந்திரும்புதலுக்காகவே வருகிறவர்களுக்கு இந்தக் கரைதான் பொருத்தம்.

இங்கே தண்ணீர் கலங்கல். மேலே பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துவிடுவதால் மெலிந்த ஓட்டமே வந்து சேருகிறது, அதுவும் வண்டலோடு. பலர் முகம் சுளிப்பார்கள். குஷ்டரோகம் நீங்க யோர்தானில் மூழ்கும்படி எலிசா தீர்க்கதரிசி சொன்னபோது சீரியப் படைத்தலைவன் நாகமானும் சுளித்தவன்தான், தமஸ்குவின் ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்லதல்லவா என்று கோபத்தோடு திரும்பிப் போனான். பிறகு கீழ்ப்படிந்து ஏழுதரம் மூழ்கினான், சுகமானான். பாவத்தைக் கழுவும் சக்தி யோர்தான் தண்ணீரில் இருப்பதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. பாவத்தை நீக்குவது கிறிஸ்துவின் இரத்தம். தண்ணீர் அவருடைய மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் நம்மைச் சேர்த்துக் காட்டும் அடையாளம். ரோமர் 6:4 அதை அடக்கம் என்றே சொல்கிறது: மூழ்குவது கல்லறை, எழும்புவது புது ஜீவன். அல்-மக்தஸ் இடிபாடுகளில் சிலுவை வடிவத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் பழைய சபை இந்த வசனத்தை எவ்வளவு உறுதியாகப் பிடித்திருந்தது என்பது விளங்கும்.

அதனால் இறங்குமுன் குறைந்தது ஒரு மணி நேரம் கரையில் உட்காருங்கள். மாற்கு 1:1-11, சங்கீதம் 51, ரோமர் 6 வாசியுங்கள். பாவ அறிக்கையைப் பொதுவாக ‘பாவியாகிய என்னை மன்னியும்’ என்று முடித்துவிடாமல், பொய்யைப் பொய் என்றும், பிடித்துவைத்த பணத்தைப் பிடித்துவைத்த பணம் என்றும் தேவனிடம் சொல்லுங்கள். பெரும்பாலான குழுக்கள் தவறவிடுவது இந்த மணி நேரத்தைத்தான். பஸ் காத்திருக்கிறது என்று அவசரப்பட்டு, படம் எடுத்துக்கொண்டு, தலை துவட்டியபடியே கிளம்பிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர் மறுபடி பெறலாமா? நைசீன் விசுவாசப் பிரமாணம் பாவமன்னிப்புக்கென்று ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடுகிறது. அதைச் சொல்கிற சபையார் இங்கே வாக்குறுதியைப் புதுப்பிப்பதோடு நிறுத்துவதே சரி: சாத்தானையும் அவன் கிரியைகளையும் விட்டுவிடுகிறேன், பிதா குமாரன் பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறேன் என்று சொல்லி, தண்ணீரைத் தொட்டு நெற்றியில் இடலாம். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சபையார் முழுக்குக் கொடுப்பார்கள். எதுவானாலும் ஊரிலேயே உங்கள் போதகரிடம் பேசி முடிவுசெய்துவிட்டு வாருங்கள். கரையில் உணர்ச்சிவசப்பட்டு எடுக்கும் முடிவு பிறகு சபையில் சங்கடமாகும்.

முழுக்குக்கு வெள்ளை அங்கி உடுத்துவது வழக்கம். நனைந்த வெள்ளைத் துணி உடலைக் காட்டிவிடும், உள்ளே அடர் நிற உடை கட்டாயம். கைப்பிடியைப் பிடித்து, காலால் தடவிப் பார்த்தே படியிறங்க வேண்டும், சேறு வழுக்கும். இடுப்பளவு ஆழம் போதும். முழுக்குப் பெறுகிறவர் ஒரு கையை மார்பில் குறுக்காக வைத்து, மறு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். போதகர் ஒரு கையை முதுகில் கொடுத்து, மறு கையால் அவர் கைகளைப் பற்றிச் சாய்ப்பார். தலை நீர் வரும் திசையில் சாய்ந்தால் ஓட்டம் மூக்குக்குள் ஏறாது. உடல் கனத்தவர்கள் முழங்கால் மடக்கினால் போதகர் தடுமாறமாட்டார். வாயை மூடிக்கொள்ளுங்கள், நதி மாசுபட்டது, குடிக்கவே கூடாது. திறந்த புண் இருந்தால் இறங்க வேண்டாம். பாட்டிலில் கொண்டுபோகும் தண்ணீரும் நினைவுக்காகத்தான், குடிப்பதற்கல்ல. கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், காலையிலேயே வந்துவிடுங்கள்.

இனி நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஜனங்கள் யோவானிடம் கேட்டார்கள். லூக்கா 3இல் அவர் சொன்ன பதில்களைப் பாருங்கள், ஒன்றும் மழுப்பலாக இல்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும். வரி வசூலிப்பவன் விதித்ததற்கு மேல் வாங்கக்கூடாது. போர்ச்சேவகன் யாரையும் மிரட்டிப் பறிக்கக்கூடாது. புது ஜீவன் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

திரும்பும் வழியில் எரிகோவில், இயேசுவைப் பார்க்க வரி வசூலிப்பவனான சகேயு ஏறிய மரம் என்று ஒரு காட்டத்தி மரத்தைக் காட்டுவார்கள். அங்கே லூக்கா 19ஐ வாசியுங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்று சகேயு கணக்குச் சொன்னபோதுதான் ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்றார் ஆண்டவர். நீங்களும் ஒரு தாளை எடுத்து, யாருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெயர்களோடு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.