லட்சத்தீவுக்குக் காசில்லை, முத்துப்பேட்டைக்குப் போனோம்

செலவுக் கணக்கு கடைசியில். முதலில் புலம்பல்.

ஆளில்லாத பவளத்தீவில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று மச்சான் ஆறு மாதமாக நச்சரித்தான். லட்சத்தீவில் 36 தீவுகள், பத்தில்தான் மனிதர் வாசம்; மிச்சத்தில் சுஹேலி மாதிரி ஏதாவது ஒன்றுக்காம். பெர்மிட், கப்பல் என்று கூட்டிப் பார்த்ததும் தலை சுற்றியது. "ஆளில்லாத லகூன்தானே, கடலோரக் காயல்தானே வேணும், வாடா" என்று பொங்கல் முடிந்த கையோடு முத்துப்பேட்டை அலையாத்தி (மாங்குரோவ்) காட்டுக்கு இழுத்துப்போனேன்.

மன்னார்குடியில் ஏறிய பேருந்தில் என் சீட்டுக்கு முதுகே இல்லை. இறங்கினால் ஆட்டோக்காரர். ஜாம்புவானோடை படகுத்துறைக்கு முந்நூறு! "திரும்பும்போது காலியால்ல வரணும் தம்பி?" அதற்கு நானா பொறுப்பு? இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். இன்னும் வயிறு எரிகிறது.

வனத்துறை அனுமதி வாங்கி, கோரையாற்றில் படகு ஏறியதும் எல்லாம் மறந்துபோனது. இருபுறமும் அலையாத்தி, சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல மூச்சு வேர்கள். படகுக்கார அண்ணன் ஒரு இலையைக் கிள்ளி, "நாக்குல வைங்க" என்றார். உப்பு! உறிஞ்சும் உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுமாம் மரம். வெயிலில் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னியது.

ஆறு முடிந்து லகூன் விரிந்தது. தண்ணீர் பரந்து கிடக்கிறது, ஆழம்தான் இல்லை. மோட்டாரைத் தூக்கிவிட்டு அண்ணன் கம்பு ஊன்றினார். "பவளம் எங்கடா?" என்றான் மச்சான். இங்கே எப்படி இருக்கும்? லட்சத்தீவில் நடுக்கடலில் எரிமலை மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேலே வளர்ந்து வளையமாக நிற்கிறது. டார்வின் 1842-லேயே எழுதிவைத்த விளக்கம். பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். இங்கேயோ காவிரி வண்டலைச் சுமந்துவந்து கொட்டுகிறாள். பாமணியாறு, கோரையாறு எல்லாம் காவிரியின் கிளையான வெண்ணாற்றின் பிள்ளைகள். அவை கொண்டுவரும் தண்ணீரைப் பொறுத்துத்தான் இங்கே உப்பு ஏறும், இறங்கும். மேட்டூர் அணைத் தண்ணீர்க் கணக்கு வயலோடு முடிந்துவிடுவதில்லை!

இந்தக் காட்டுக்கும் அடி விழுந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கூப்புக் கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்டுத் தரை தாழ்ந்து, அலை ஏறிய தண்ணீர் வடியாமல் நின்று வற்ற, உப்பு மண்டி, புதுக் கன்று பிழைக்கவில்லை. பிறகு வனத்துறையும் ஊர்க்காரர்களும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலை வந்துபோக வழிவிட்டு, கரையோரம் நட்டார்கள். அது தழைத்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்து சாய்த்ததில் பட்டுப்போன மரங்கள் இன்னும் எலும்பாக நிற்கின்றன.

மதியம் ஊருக்குள் ஒரு சின்ன மெஸ்ஸில் மடவை மீன் குழம்பு. வயிற்றுப் பகுதியில் நெய் உருகி, குழம்பின் மேல் மஞ்சளாக மிதந்தது. மச்சான் மூன்று முறை சோறு வாங்கினான். பவளத்தீவுப் பேச்சையே எடுக்கவில்லை.

செலவுக் கணக்கு எழுதி வைத்த சீட்டு படகில் நனைந்துவிட்டது. ஞாபகம் இருப்பது ஆட்டோ 250 மட்டும். சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டில் அதே மனிதர், பல் தெரியச் சிரித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனோம்.