ஹைடனின் மெட்டும் ரொசினியின் விருந்தும்

எங்கள் கல்லூரிப் பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு இசை ஆசிரியரை மறக்க முடியாது. பாமாலை மெட்டு ஒன்றைப் பழக்குமுன் அது பிறந்த நாட்டைச் சொல்லிவிட்டுத்தான் பியானோவில் கை வைப்பார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1797இல் ஆஸ்திரியப் பேரரசரை வாழ்த்தி அமைத்த மெட்டை ஒருநாள் பழக்கினார். உடனே ஆங்கிலேயரின் அரச வாழ்த்தையும் வாசித்து, "இரண்டும் வாழ்த்துத்தான். நடை எங்கே வேறுபடுகிறது, சொல்லுங்கள்" என்றார்.

இங்கிலாந்தில் குடியேறிய பிறகு அவ்விரு மெட்டுகளையும் ஒரே ஓபராவில் (இசை நாடகத்தில்) கேட்டேன். இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் 'ரெய்ம்ஸ் பயணம்'. பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ள்ஸின் முடிசூட்டை முன்னிட்டு எழுதப்பட்டு, 1825 ஜூன் 19இல் பாரிஸில் மேடையேறியது. ரெய்ம்ஸ் நகரில் நடக்கும் அவ்விழாவுக்குப் புறப்பட்ட பல நாட்டுப் பிரமுகர்கள் குதிரை கிடைக்காமல் ஒரு விடுதியில் தங்கிவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

சுவை முழுவதும் இறுதி விருந்தில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் நாட்டுப் பாணியில் பாடவேண்டும். இசைப் பித்தரான ஜெர்மன் பிரபு ஹைடனின் மெட்டை எடுக்கிறார். போலந்துச் சீமாட்டி பொலனேஸ் என்னும் போலந்து நடனத் தாளத்தில் பாடுகிறார். ஆங்கிலேயப் பிரபுவோ, தாம் இசைக்கலைஞர் அல்லர், ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும் என்று கூசி, அரச வாழ்த்தின் மெட்டையே பாடுகிறார். அவருடைய கூச்சத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம்; மெட்டின் கம்பீரமோ குலைவதில்லை. ஆங்கிலேயரும் கூட்டாளிகளும் பிரான்சைத் தோற்கடித்த வாட்டர்லூப் போர் முடிந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில் பாரிஸ் மேடையில் இப்படி ஒரு விருந்தை வைத்த ரொசினியை நான் வணங்குகிறேன்.

தன் நாட்டையும் அவர் விடவில்லை. குதிரை இல்லை என்ற சேதிக்கு 14 குரல்கள் சேர்ந்து, பேரழிவு வந்ததுபோல் பிரமாண்டமாகத் திகைக்கின்றன. இத்தாலிய ஓபராவின் ஆடம்பரத்தை இத்தாலியரே கேலி செய்யும் இந்த இடம் எனக்கு விருந்தைவிடவும் பிடிக்கும். பயணிகளின் உடைமைகளைப் பட்டியலிடும் பாட்டும் இருக்கிறது: ஸ்பானியருக்கு வம்சாவளி, ஆங்கிலேயருக்குத் தேயிலை, ஜெர்மானியருக்கு இசை ஆய்வுரை. ஒவ்வொரு நாட்டு உச்சரிப்பையும் பாடகர்கள் நடித்துக் காட்டுவார்கள்.

சில நிகழ்ச்சிகளோடு ரொசினி இதை நிறுத்திக்கொண்டு, இசையில் பெரும்பகுதியை 1828இல் 'ஓரி பிரபு' ஓபராவில் சேர்த்துவிட்டார். சிதறிய கையெழுத்துப் படிகளை ஆய்வாளர்கள் தேடி இணைத்த பிறகு, 1984இல் இத்தாலியின் பெசாரோ நகரில் இசை நடத்துநர் கிளாடியோ அபாடோ இதை மீண்டும் நடத்தினார். அந்த ஒலிப்பதிவு கிடைக்கிறது. நம் குழுவில் பேஸ் குரல் (ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல்) பாடியவர்கள் ஆங்கிலேயப் பிரபுவின் பகுதியைத் தவறாமல் கேளுங்கள்; அது உங்கள் குரலுக்கே எழுதியது.