பாட்டிக்கு அடுத்து நான்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாங்கள் ஐந்து பேர் இருந்த நாலறை வீட்டில், குளியலறைக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. யார் கதவை முதலில் தட்டுகிறார்களோ அவர்கள் முறை. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட் என்றால் மட்டும் எல்லாரும் ஒதுங்கிக்கொள்வோம். குளிக்கும் வரிசையில் ஒரு குடும்பம் தன்னையே எழுதி வைத்திருக்க முடியும் என்று எனக்கு ஜப்பானில்தான் தெரிந்தது.

2001 மார்ச்சில் போனேன். உயர்நிலைப் பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஓ லெவல் முடிந்த கையோடு, ஒரு மாணவர் பரிமாற்ற அமைப்பு வழியாக, நாகானோ மாநிலத்தின் மட்சுமோட்டோ நகருக்கு. கூடப் படித்தவர்கள் ஜேசி (தொடக்கக் கல்லூரி), பாலிடெக்னிக் என்று போய்க்கொண்டிருந்தார்கள். "பொம்பளப் புள்ளைய ஒரு வருஷம் முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுல விடுறதா? படிப்பும் ஒரு வருஷம் வீணாப் போகும்" என்று பெரியம்மா வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். அப்பா மட்டும் "போயிட்டு வரட்டும்" என்றார். அந்த இரண்டு சொல்லும் இந்தக் கதைக்குள் திரும்ப வரும்.

மட்சுமோட்டோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலையோடு இருக்கிற ஊர். நம் ஊரில் ஆக உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட இல்லை. மார்ச் மாதத்திலும் மலைமேல் பனி இருந்தது. நான் தங்கிய வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, 12 வயதுத் தம்பி. ஒருவருக்கும் ஆங்கிலம் வராது.

முதல் நாள் இரவே குளியலைக் காட்டிக் கொடுத்தார்கள். தொட்டிக்கு வெளியே, சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி வெந்நீர் கழுவுவதற்கு அல்ல, கழுத்துவரை அமிழ்ந்து இருப்பதற்கு. அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், அதனால் வெளியே வந்ததும் சூடு போகாமல் மூடி போட்டு வைக்க வேண்டும். என்னை முதலில் போகச் சொன்னார்கள். வீட்டு அப்பாவுக்கும் முன்னால். அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை என்று பிறகுதான் புரிந்தது. மூன்று மாதம் தினமும் நான்தான் முதல்.

அந்த மூன்று மாதம் கஷ்டமான மாதங்கள். பள்ளியில் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாக்கியமும் பிடிபடாமல் உட்கார்ந்திருப்பேன். வகுப்பு முடிந்து எல்லாரும் துடைப்பமும் துணியுமாகப் பள்ளியைச் சுத்தம் செய்கிற நேரம் மட்டும் நிம்மதியாக இருக்கும், வாய் திறக்க வேண்டியதில்லை. கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பாடப்புத்தகம் இருந்தது. அதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பின்னாலிருந்து முன்னால் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பாட்டியை 'ஒபசான்' என்று கூப்பிட்டுவிட்டேன். அது அத்தை. பாட்டி 'ஒபாசான்'. புத்தகத்தில் இரண்டும் ஒரே மாதிரி அச்சாகியிருந்தது. தமிழில் எழுதிப் பார்த்ததும் குறில், நெடில், அவ்வளவுதான் விஷயம். 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் தபால்தலை. நடுவில் ஓர் ஒற்று. அன்று இரவே புத்தகத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேட்டதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுத ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு காலை, பாட்டி ஊறுகாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி "தபெதெ மிதெ" என்றார். தபெதெ, சாப்பிட்டு. மிதெ, பார். சாப்பிட்டுப் பார்! எங்கள் ஆயா இடியாப்பத்தை நீட்டிச் சொல்கிற அதே தொனி. ஆங்கிலப் புத்தகம் அரைப் பக்கத்துக்கு விளக்கியும் எனக்கு ஏறாத ஒன்று, நாம் மூச்சு விடுகிற மாதிரிப் பேசுகிற வினையெச்சம்.

அதன்பின் நோட்டு நிறைய ஆரம்பித்தது. 'கைதெ ஒகு' எழுதி வை. 'மொத்தெ குரு' கொண்டு வா. 'ஒஷியெதெ அகெரு' சொல்லிக் கொடு. 'வசுரெதெ ஷிமத்தா' மறந்து விட்டேன். வினைச்சொல் கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இது, அது என்று இரண்டோடு நிற்காமல் எதிரில் இருப்பவர் பக்கத்தில் உள்ளதற்குத் தனிச் சொல் வேறு. உயர்நிலைப் பள்ளியில் எங்கள் தமிழாசிரியை அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்து நடத்தியபோது, 'உது' எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. யாழ்ப்பாணத்து வேர் உள்ள அவர் மட்டும் "எங்கட வீட்டில சொல்லுவம்" என்பார். அந்த 'உது' மட்சுமோட்டோவில் எனக்கு உதவியது.

எல்லாவற்றையும்விட, வாசலில் தினமும் கேட்டது: 'இத்தெகிமாஸ்'. போயிட்டு வரேன். வெறும் 'போகிறேன்' இல்லை, வருவேன் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்கு வீட்டு அம்மா, ஒகாசான், சமையலறையிலிருந்து சொல்கிற பதில் 'இத்தெரஷ்ஷாய்'. போயிட்டு வா.

ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார் என்பதைப் பின்னாளில் படித்தேன். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, என்னைப் பேச வைத்தது தமிழ்தான். பள்ளியில் ஒரு பாடமாக, வீட்டில் பாதி ஆங்கிலம் கலந்து, பரீட்சைக்காகவே பிடித்துவைத்திருந்த மொழி அது. அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஜூன் மாதம் பேச்சு கொஞ்சம் ஓட ஆரம்பித்ததும், ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து துண்டை எடுத்தேன். ஒகாசான் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னைக்கு அப்பா முதல்ல போகட்டும். நீ பாட்டிக்கு அப்புறம்." அப்பா, பாட்டி, நான், தம்பி, கடைசியில் ஒகாசான். அந்த வீட்டுப் பெண்ணாக இருந்தால் எந்த இடமோ அந்த இடம். அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

தீபாவளி அந்த வருஷம் நவம்பர் 14, புதன்கிழமை. இங்கே பொது விடுமுறை, அங்கே பள்ளி. அம்மா சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து சீயக்காய்த் தூளும், ஒரு பாவாடை தாவணியும், முறுக்கும் அனுப்பியிருந்தார். முறுக்கு நொறுங்காமல் இருக்க தமிழ் முரசு நாளிதழ்த் தாளில் சுற்றியிருந்தது. எண்ணெய் ஊறிப்போன அந்தத் தாள்களைப் பிரித்து நீவி, திருமண விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படித்தேன். முறுக்கைப் பாட்டி பச்சைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

நல்லெண்ணெய் மட்டும் தபாலில் வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் ஒகாசான் கடையில் எள்ளெண்ணெய் வாங்கி வந்தார். வறுத்த எள்ளில் ஆட்டியது, தேன் நிறம். விடிகாலை ஐந்து மணிக்கு, வெளியே உறைபனி, அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். சிங்கப்பூரில் நான்கு மணி, அவரும் எழுந்து எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். "வறுத்த எள்ளா? பரவால்ல. நாலு மிளகு போட்டு லேசா சூடு பண்ணச் சொல்லு. நடு உச்சியில வச்சு, நல்லா அரக்கித் தேய்க்கச் சொல்லு." நான் மொழிபெயர்த்தேன். வீடு முழுக்க எள் மணம். யார் இந்த நேரத்தில் சமைக்கிறார்கள் என்று பாட்டி எழுந்து வந்துவிட்டார்.

அந்தக் குளியலறை முக்காலி அன்றைக்கு மணையானது. அத்தனை மாதத்தில் ஒகாசான் என்னைத் தொட்டதே இல்லை. அங்கே அது வழக்கமில்லை, குனிந்து வணங்குவதோடு சரி. அன்று பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி என் உச்சியில் வைத்தார். ஆப்பிள் பறிக்கிற பருவம் அது, தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் கீறல், உள்ளங்கை சொரசொரப்பு. முதலில் பயந்து பயந்து, பிறகு அழுத்தித் தேய்த்தார். ஸ்பீக்கரில் அம்மா "காதுக்குப் பின்னாடி" என்றார். நான் சொல்வதற்குள் ஒகாசானின் விரல்கள் காதுக்குப் பின்னால் போயிருந்தன. தொட்டித் தண்ணீரில் எண்ணெய் படக்கூடாது என்பதால் வாளியில் வெந்நீர் எடுத்து அவரே மொண்டு ஊற்றினார். தலையைத் துவட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்குப் போனேன்.

பெரியம்மா சொன்னது ஒரு விதத்தில் சரிதான், நண்பர்களுக்கு ஒரு வருஷம் பின்னால்தான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். இன்றுவரை அந்த ஒரு வருஷத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இப்போது என் மகளுக்கு 15 வயது. "வீணாகாதா?" என்று உறவில் யாராவது கேட்டால், அவள் போகட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் தமிழை நன்றாகக் கற்றுக்கொண்டு போகட்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, ஜனவரிக் குளிரில், எல்லாரும் அடியில் சூடேற்றுகிற கொதத்சு மேசைப் போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் நிரம்பியதும் ஒகாசான் என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீ முதல்ல போ" என்றார். அப்பாவும் தலையாட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. பாட்டிக்கு அப்புறம் போகிறேன் என்றேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா எழுந்து போனார், பிறகு பாட்டி. என் முறை வந்து மூடியைத் தூக்கியபோது தண்ணீர் இன்னும் ஆவி பறக்க இருந்தது.