ரசீதில் முளைத்த புதிய வரி

சொத்து வரி ரசீதில் புதிதாக முளைத்திருந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டி, "இது எதுக்குங்க சார்?" என்று கேட்ட இட்லிக் கடை அம்மாளுக்கு நான் சொன்ன பதில், சொல்லும்போதே எனக்குத் திருப்தியாக இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து உள்ளாட்சி அமைப்பு ஒன்றில் துப்புரவு ஆய்வாளராக இருந்த காலம் அது. அந்த வரியில் அச்சாகியிருந்தது திடக்கழிவு மேலாண்மைச் சேவைக் கட்டணம். மக்கள் வாயில் அது முதல் நாளிலிருந்தே குப்பை வரி. "உங்க வீட்டுக் குப்பையை எடுக்கறதுக்கும்மா" என்றேன். "எங்க வீட்டுல ஏதுங்க குப்பை? கழனித்தண்ணி மாட்டுக்குப் போயிடுது, எச்சில் இலை ஆட்டுக்குப் போயிடுது, அட்டை, பாட்டில் எல்லாம் பழைய இரும்புக்காரன் வாங்கிக்கிறான். நாலு பால் கவர் இருக்கும், அதுக்கா இத்தனை காசு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அதே அளவு கட்டடத்தில் வசித்து, நாள்தோறும் இரண்டு வாளி நிறையக் கொடுத்த அடுத்த வீட்டுக்கும் அதே தொகைதான்.

2016 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குவோர்மீது சில கடமைகளைச் சுமத்தின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு உபயோகத்தின் தீங்கான கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன அந்த விதிகள். தெருவிலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ கொட்டவும் எரிக்கவும் கூடாது. உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இவற்றில் கட்டணம்தான் எங்களுக்கு எளிதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கணினியில் ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை தானாக வசூலாகிவிடும். பிரித்து வாங்குவதற்கோ ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று, வாளிக்குள் எட்டிப் பார்த்து, மறுத்து, கெஞ்சி, மறுநாளும் வர வேண்டும்.

கட்டணம் வந்தபின் வாசலில் பேச்சு மாறியது. அதற்கு முன்பு, "பிரிச்சுக் கொடுங்கக்கா" என்று தூய்மைப் பணியாளர் கேட்டால் சலித்துக்கொண்டாவது பாதி வீடுகள் முயன்றன. பிறகு, "அதான் காசு கட்டறோம்ல, நீங்களே பிரிச்சுக்குங்க" என்ற பதில் தெருத்தெருவாகப் பரவியது. குப்பையைக் குறைக்க வைக்க வேண்டிய காசு, குப்பை கொட்டும் உரிமைக்கான சந்தாவாக மாறிப்போனது. அதில் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு போட்டாலும் ஒரே தொகை என்றால் ஒரு பிடி குறைப்பதால் யாருக்கு என்ன லாபம்? மின்சாரத்துக்கு மீட்டர் இல்லாமல் வீட்டின் சதுர அடியைப் பார்த்துக் கட்டணம் போட்டால், ஆளில்லாத அறையில் மின்விசிறியை நிறுத்த யார் எழுந்து போவார்கள்?

இந்த உறுத்தலால், மேலதிகாரியிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, ஒரு தெருவில் மட்டும் தொங்கு தராசு ஒன்றைப் பேட்டரி வண்டியில் கட்டி, ஒரு மாதம் வீடுவாரியாக எடை எழுதினேன். கட்டணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நோட்டில் எழுதி, வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடுவது, அவ்வளவே. நான் தேர்ந்தெடுத்த மாதம் மே; மாம்பழக் காலம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெங்களூரா மாங்காய் லாரிகள் மாங்கூழ் ஆலைகளை நோக்கி வரிசையாகப் போகும் பருவத்தில், எங்கள் ஊர் வீடுகளிலும் தோலும் கொட்டையும் குவிகின்றன. ஆக, எடையில் முதலிடம் பிடித்தவை தோட்டத்துப் பழத்தைக் கூடைகூடையாகச் சாப்பிட்ட பெரிய குடும்பங்கள். அந்தத் தோலும் கொட்டையும் குழியில் போட்டால் மண்ணாகிவிடும். இணையத்தில் வாங்கிக் குவித்து, அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் காற்றடைத்த உறையும் வெளியே தள்ளிய வீடு, எடையில் கடைசிக்கு அருகில் இருந்தது. வண்டியை நிறைத்ததோ அந்த வீடுதான்.

எடைக்கு விலை வைத்தால் ஈரம் தண்டனை பெறும். பைக்கு விலை வைத்தால் காற்று தண்டனை பெறும். பிற நாடுகளும் இதில் இடறியிருக்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் என்ற நகரம் 1992இல் பை ஒன்றுக்கு 80 சென்ட் என்று கட்டணம் விதித்தபோது, ஆய்வு செய்யப்பட்ட வீடுகளில் குப்பையின் பருமன் 37 விழுக்காடு குறைந்தது. எடை 14 விழுக்காடுதான் குறைந்தது. மீதிக் கதையை எளிதாக ஊகிக்கலாம்: மக்கள் பையை மிதித்து அமுக்கியிருக்கிறார்கள். குறைந்ததில் ஒரு பகுதி வேறெங்கோ திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்டிருக்கும் என்றும் அந்த ஆய்வாளர்கள் ஐயப்பட்டார்கள். தென்கொரியா 1995 சனவரி முதல் நாடு முழுவதும், குறிப்பிட்ட பையைக் கடையில் விலைக்கு வாங்கி அதில்தான் குப்பையைப் போட வேண்டும் என்று வைத்து, மறுசுழற்சிக்கு உரியவற்றைப் பிரித்துத் தந்தால் கட்டணமின்றி எடுத்துக்கொண்டது. உணவுக் கழிவைத் தனியே எடுத்து, 2013 முதல் அதற்கும் அளவுக்கேற்பக் காசு வாங்குகிறது. பல குடியிருப்புகளின் தொட்டியில் வீட்டுக்கான மின்னணு அட்டையைக் காட்டினால் மூடி திறந்து, எடை போட்டு, கணக்கில் ஏற்றிக்கொள்கிறது.

அந்தப் பை முறையை எங்கள் ஊருக்குக் கொண்டுவரலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. அதற்காகக் கடைகடையாகப் போய்ப் பையைப் பறிமுதல் செய்துகொண்டிருந்த நாங்களே, முத்திரை குத்திய பையை விற்கப் போவதா? சிரிப்பு அடங்கியபின் உண்மையான தடை தெரிந்தது. எங்கள் ஊரில் எந்தத் தெரு முடிந்தாலும் ஒரு காலி மனையோ, ஓடையோ, ஏரிக்கரையோ தொடங்கும். பைக்கு ஐந்து ரூபாய் என்றால், இருட்டியபின் இருசக்கர வாகனத்தில் முடிச்சோடு கிளம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கட்டணம் இல்லாத காலத்திலேயே அவர்களில் சிலரை நான் கையும் பையுமாகப் பிடித்திருக்கிறேன். மார்கழியில் குளிர் காய்வதாகச் சொல்லி எரிக்கப்படுவதில் பாதி, வீட்டுக் குப்பைதான்.

இன்னொன்று, பேசப்படாமலே போனது லைன் வீடுகளின் கதை. ஒரே வரி எண்ணில் ஆறு குடித்தனம் இருக்கும். கட்டணம் உரிமையாளர் பெயரில் போகிறது; அவர் வாடகையில் ஐம்பதோ நூறோ ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறார். குப்பையைப் போடுகிற ஆறு குடும்பங்களுக்கும் அப்படி ஒரு கட்டணம் இருப்பதே தெரியாது. ஆறு வாளிகளும் ஒரே வாசலில் வரிசையாக நிற்கும். எது யாருடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எடை எழுதிய மாதம் முடிந்தபின் எனக்குள் தங்கிய கருத்து ஒன்றுதான். கலந்து கொடுக்கும் குப்பைக்கே கட்டணம் இருக்க வேண்டும். பிரித்துக் கொடுப்பவருக்கு அந்த அரையாண்டுக் கட்டணம் தள்ளுபடியாக வேண்டும். பிரிக்கிற வீட்டில்தான் குறைக்கிற பழக்கமும் வருகிறது என்பதை நோட்டில் அல்ல, வாளியில் பார்த்தேன்: பிளாஸ்டிக்கைத் தனியே சேர்த்து வைத்த ஓர் ஆசிரியர் வீட்டில், சாக்கு நிறைவதைக் கண்டு அவர்களாகவே எண்ணெய்க்குத் தூக்குப் பாத்திரம் எடுத்துப் போகத் தொடங்கினார்கள். நம் ஊரில் 'உரக்கிடங்கு' என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் உரம் காணாமல் போய் மலை மட்டும் நிற்பதற்குக் காரணம், கலந்து வந்த குப்பையிலிருந்து நல்ல உரம் எடுக்க முடியாது என்பதுதான்.

இதை எழுத்தில் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவுக்கு வண்டி ஓட்டிய தூய்மைப் பணியாளரிடம் சொல்லிப் பார்த்தேன். யார் பிரித்தார்கள், யார் கலந்தார்கள் என்று தினமும் குறிப்பவர் அவர்தானே. நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் 'கலப்பு'ன்னு எழுதினா அவங்களுக்குக் காசு போவும். அப்புறம் நாளைக்கும் அதே வாசல்லதான் சார் நான் நிக்கணும். தண்ணி கேட்டா கொடுக்கற வீடு அது" என்றார்.

தள்ளுபடிக்கான பரிந்துரையை அனுப்பினேன். யார் குறிப்பது என்ற பத்தியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். அந்தப் பத்தியைக் கேட்டே கோப்பு திரும்பி வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அது என் மேசையில்தான் இருந்தது.